பதினேழாம் நம்பர் வீட்டுப் பீரோ

எனக்கு முன்கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கோவிந்தப்பனைப் பற்றி யார் கேட்டாலும், நான் அவரிடம் கத்திய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கத்தியது நான், தப்பும் என்னுடையது. அன்றைக்கு அவர், சட்டைப் பையிலிருந்த ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்துத் துடைத்து, மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

என் பெயர் காவேரி. ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில், பழைய விதைக் கிடங்கு ஒன்றில் நடக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் கண்காட்சி அமைப்பது என் வேலை. போன வருஷம், மாதவன் என்ற கட்டடக் கலைஞரின் வேலைகளைக் காட்சிக்கு வைப்பது என்று முடிவானது. அவர் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. சேலத்துக்காரர், இறந்து நாலு வருஷம் ஆகிறது. கோயிலோ மாளிகையோ கட்டவில்லை. எண்பதுகளில் ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது அவற்றுக்கு கேன்டீனும் சைக்கிள் ஷெட்டும் தொழிலாளர் குடியிருப்பும் கட்டிக் கொடுத்தவர். அவருடைய மகள் மூன்று தகரப் பெட்டி நிறைய வரைபடங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு பெட்டியில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியை நான் இரண்டு குவியலாகப் பிரித்தேன். சுவரில் மாட்டினால் ஜனம் நின்று பார்க்கும் என்று தோன்றியது ஒரு குவியல். கம்பி அளவும் பட்டியலுமாக, பார்த்தாலே கொட்டாவி வருவது இன்னொரு குவியல். அந்த இரண்டாவதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆனால் முதல் குவியலை மட்டும் மாட்டினாலும் ஓசூரில் யார் வந்து பார்ப்பார்கள்? காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு நீலக் கோடு போட்ட காகிதம் எதற்கு? அவர்கள் குடியிருக்கும் வீட்டையே வெட்டி உள்ளே காட்டினால் வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு ஒரு மாடல் வேண்டும். வண்டிக் கம்பெனி ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் கேட்டபோது, "கோவிந்தப்பண்ணனை விட்டா ஆளே கெடையாதுங்க" என்றார்கள்.

கோவிந்தப்பனுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் குந்தாரப்பள்ளிக்குப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மனைவி சென்னம்மாவிடம் தெலுங்கு, பழைய சூப்பர்வைசரிடம் கன்னடம், மற்றவர்களிடம் தமிழ். எதிலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மெஷின் ஷாப்பில் சேர்ந்த புதிதில், குப்பைக்குப் போக இருந்த, எஞ்சினுக்கு பெட்ரோல் ஏற்றும் ஒரு பம்பை எடுத்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க நடுவாக அறுத்திருக்கிறார். அதைப் பார்த்த பயிற்சி அதிகாரி திட்டுவதற்குப் பதிலாக, "இதே மாதிரி ஒரு கியர் பாக்ஸை அறுத்துக் கொடு" என்றாராம். அன்றிலிருந்து முப்பத்துநாலு வருஷம் அதுதான் அவர் தொழில். எஞ்சின், கார்புரேட்டர், பிரேக் சிலிண்டர் என்று எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி நிறுத்துவார். அதற்கு கட் செக்‌ஷன் என்று பெயர். இந்தப் பக்கத்தில் எஞ்சின் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் வெட்டியதைப் பார்த்துப் படித்தவர்கள்தான்.

மாதவன் கட்டிய குடியிருப்பில்தான் அவர் வீடும் இருந்தது. மொத்தம் ஐம்பத்தாறு வீடுகள். இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியது, நடுவில் ஒரே சுவர். அவருடையது பதினேழு, ஒட்டியிருப்பது பதினெட்டு. அளவெடுக்க வசதி என்று அந்த ஜோடியையே மாடல் செய்யச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "வேற வீடு பண்ணலாமே மேடம்" என்றார். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அவசரம்.

எங்கள் முதல் சண்டை சிவப்பு பெயிண்டால் வந்தது. சாம்பிளுக்கு ஒரு சுவரை வெட்டிக் கொண்டுவந்தார். வெட்டிய முகம் முழுக்க ரத்தச் சிவப்பு. கட்டட மாடலில் அங்கே கறுப்புதான் பூசுவது வழக்கம். "என்ன அண்ணா இது, வீட்டுக்குக் காயம் பட்ட மாதிரி இருக்குது" என்றேன்.

"வெட்டின எடம் வெட்டின எடம்னு தெரியோணுங்க மேடம். இல்லாங்காட்டி, அது அப்பிடியேதான் இருக்கும்போலன்னு பசங்க நெனச்சுக்குவாங்க. உள்ள இருக்கறத மறைக்கவும் கூடாது, இல்லாதத வெக்கவும் கூடாது. கட் செக்‌ஷன்னா அவ்ளோதாங்க."

யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. கண்காட்சி முழுவதிலும் வெட்டிய முகம் எல்லாம் சிவப்பு என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் சில சமயம் புத்தியும் வரும்.

வீட்டை மேலிருந்து பார்த்தபடி வரைந்த வரைபடம் எங்களிடம் இருந்தது. அதில் வெட்டுக் கோட்டை மாதவனே போட்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் குறுக்காக, நடுச்சுவரைத் தாண்டிப் போகும் கோடு. அந்த இடத்தில் சுவருக்குள் ஒரு சின்னப் புள்ளிக்கோட்டுப் பெட்டி. சுவர் அலமாரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோட்டில் வெட்டினால் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் தாளைத்தான் கரையான் தின்றிருந்தது. "நீங்க முப்பது வருஷத்துக்கு மேல குடியிருக்கிற வீடு, உங்களுக்குத் தெரியாததா? கோட்டுல வெட்டுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து மாடல் வந்தது. ஜன்னல் கம்பிவரை அப்படியே இருந்தது. கோட்டை மட்டும் விட்டு விலகி வெட்டியிருந்தார். மாடலில் இரண்டேகால் சென்டிமீட்டர், நிஜ வீட்டில் ஒன்றரை அடி. அரை மில்லிமீட்டர் தப்பினால் இரவெல்லாம் தூங்காத மனுஷன். திறப்பு விழாவுக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது. நான் கத்தினேன். "இவ்வளவு பெரிய தப்பு எப்படி அண்ணா வரும்? ஸ்கேலைச் சட்டைப் பையில் அழகுக்கா வெச்சிருக்கீங்க?" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஸ்கேலைத் துடைத்து வைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் வரவில்லை.

நான்காம் நாள் காலையில் வந்தவர் மாடலின் பக்கமே போகவில்லை. "மேடம், வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் கிளம்பினேன்.

பதினேழாம் நம்பர் வீட்டின் உள் அறையில், நடுச்சுவரை ஒட்டி ஒரு பச்சை இரும்பு பீரோ நின்றது. கோவிந்தப்பன் அதன் ஒரு பக்கத்தைத் தோளால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பல வருஷம் நகர்ந்து நகர்ந்து, சிமென்ட் தரையில் இரண்டு பள்ளக்கோடு விழுந்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு. மாதவனின் வரைபடத்தில் கதவே இல்லாத இடத்தில் ஒரு கதவு. அவர் அதை இரண்டு தடவை தட்டியதும் அந்தப் பக்கத்திலிருந்து திறந்துகொண்டு ஒரு பெண் கையில் டீத் தம்ளர்களோடு வந்தார். அவர்தான் பதினெட்டாம் நம்பர் இருளாயி. பரமக்குடிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி இங்கே வந்தவர்.

"அண்ணே சொன்னாரா இல்லையா? இவரு சொல்லியிருக்க மாட்டாரு. நானே சொல்றேன், உக்காருங்க" என்றார் இருளாயி.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது இரண்டு வீட்டிலும் ஆண் பெண் நான்கு பேரும் வேலைக்குப் போனார்கள், ஆளுக்கொரு நேரத்தில் ஷிப்டு. கோவிந்தப்பனின் மகள் காவியாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், இருளாயி தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்துவிடுவார், சென்னம்மா வந்து சேரும்வரை பிள்ளை இரண்டு வீட்டிலுமாக ஓடியாடும். ஒருநாள் நல்ல மழை. அத்திப்பள்ளியில் வண்டிகள் சிக்கிக்கொண்டு, சென்னம்மாவின் கம்பெனி பஸ் வரவில்லை. உள்ளே போன பிள்ளை விளையாட்டாகத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. மழைக்கு ஜன்னலும் சாத்தியிருந்தது. கரண்டும் போனது.

"செவுத்துக்கு அங்குட்டு இருந்து புள்ள அழுகுறா, எனக்கு நல்லாக் கேக்குது. ஆனா போக முடியல. கதவ இடிச்சுப் பாத்தேன், அசையல. அப்புறம் இந்தச் செவுத்துல வாய வெச்சு, நான் இங்கதான்டி இருக்கேன், நான் இங்கதான்டி இருக்கேன்னு ரெண்டு மணி நேரம் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளும் அங்குட்டு இருந்து செவுத்தத் தட்டுறா. ஒரு செங்கல்லு தூரம்தாம்மா. அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் இருளாயி.

கோவிந்தப்பன் வேலை முடிந்து வந்து கதவை உடைத்துப் பிள்ளையை எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவரும் இருளாயியின் கணவர் மாரிசாமியும் சுத்தியலை எடுத்து நடுச்சுவரை இடித்துவிட்டார்கள். பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் ஒரு பழைய கதவு வாங்கி மாட்டினார்கள். அன்றிலிருந்து யாருக்கு எந்த ஷிப்டு என்றாலும், நான்கு பேரில் ஒருவராவது வீட்டில் இருப்பார். கம்பெனி வீட்டில் சுவரை இடிப்பது குற்றம். அதனால் யாராவது அதிகாரி வந்தால் பீரோ போய்க் கதவை மறைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இரண்டு குடும்பமும் இருபத்துமூன்று வருஷம் செய்து காட்டியிருக்கிறது.

இப்போது கம்பெனி அந்த வீடுகளைக் குடியிருப்பவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுக்கப் போகிறது. கோவிந்தப்பன் பீரோவைத் திறந்து ஒரு நோட்டீசை எடுத்துக் கொடுத்தார். அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத மாற்றம் எதுவும் செய்திருந்தால் அந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது, அடுத்த மாதம் இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார் என்று அதில் இருந்தது.

"எங்கப்பனுக்கு இருந்ததெல்லாம் கவுண்டர் தோட்டத்துல ஒரு குடிசைங்க மேடம். அவுரு போன்னு சொன்னா போகோணும். எங்க குடும்பத்துல ஒருத்தம் பேருல இதுவரைக்கும் ஒரு செங்கல்லு கெடையாது. இதும் போச்சுன்னா..." என்று நிறுத்தினார். பிறகு, "கோட்டுல வெட்டினா கதவு வருது. கதவக் காட்டினா வீடு போவுது. கதவு இல்லாம வெட்டினா பொய்யாயிருது. அதனாலதாங்க தள்ளி வெட்டினேன்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த மாடலே வேண்டாம், வேறு ஏதாவது வைத்துக்கொள்கிறேன் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, "மேலே முட்டுக் கொடுக்காம சுவரை எப்படி அண்ணா இடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதுதாங்க எங்க அதிர்ஷ்டம். மேல ஏற்கெனவே, கதவு ஜன்னலுக்கு மேல செவுத்தத் தாங்கப் போடற மாதிரி, கம்பி கட்டி லிண்டல் போட்டிருந்துச்சு. கதவே இல்லாத செவுத்துக்கு எதுக்கு லிண்டலு? மேஸ்திரி தப்பாப் போட்டுட்டாம் போல. அதுக்குக் கீழ பூரா சிமென்டே கெடையாது, வெறும் சேத்துல வெச்ச கல்லு. கையால இழுத்தா வருது. அந்த கண்ட்ராக்டரு சிமென்டத் தின்னுட்டான்னு அன்னிக்கிருந்து திட்டிட்டு இருக்கறேன்" என்றார்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். புள்ளிக்கோட்டுப் பெட்டி. சுவரின் அதே இடம். திரும்பி வந்த வேகத்தில் ஆட்டோக்காரரிடமும் ஒரு சண்டை போட்டேன். நேராக மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கொட்டாவிக் குவியலை இழுத்துப் போட்டேன். ஒன்பதாம் எண் தாள். முழுக்க லிண்டல் கம்பிகளின் பட்டியல். அதன் வலது மூலையில், மாதவன் தன் கையால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் சாரம் இது: ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு வீட்டுக்கும் நடுவில், மூன்றடி அகலத்துக்கு லிண்டல் போட்டு, கீழே சேற்றுச் சாந்தில் செங்கல் வைத்து அடைக்கவும். சிமென்ட் வேண்டாம். பின்னாளில் இரண்டு குடும்பமும் விரும்பினால் திறந்துகொள்ளட்டும். கீழே கம்பெனியின் அங்கீகார முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அதுவும் போதாதென்று, வெண்ணெயைக் காலால் வேறு தள்ளியிருக்கிறேன்.

கோவிந்தப்பனையும் இருளாயியையும் வரச் சொன்னேன். நான் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். எங்கள் இடத்துக்கு வந்தால் உட்காரவே உட்காராத மனுஷன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பாவம், அந்த கண்ட்ராக்டர இவ்ளோ வருசமாத் திட்டிப்புட்டனே" என்றார்.

இருளாயி தாளைத் தொட்டுப் பார்த்தார். "இந்த மனுசன் யாருன்னே தெரியலையே. நம்ம ஒருத்தரையும் பாத்ததுகூட இல்ல. நமக்கு என்ன வேணும்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, சீக்கிரம் வேலையைப் பாருங்கள் என்று இரண்டு பேரையும் விரட்டினேன்.

அந்தத் தாளின் நகலைக் கம்பெனி இன்ஜினியர் தினேஷ்குமாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சின்ன வயசு, எதற்கும் பிடி கொடுக்காத ஆள். "தாள்ல இருக்கறது சரி மேடம். கட்டினப்ப அப்பிடித்தான் கட்டினாங்களான்னு நேர்ல பாக்காம நான் எதும் சொல்ல மாட்டேன்" என்றார். அதைக் கோவிந்தப்பனிடம் சொல்லி, மாடலை ஆய்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "உள்ள இருக்கறத மறைக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட நாந்தான சொன்னேன்" என்று மாடலைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்தத் தடவை கோட்டின்மேல் வெட்டினார். நடுச்சுவரில் லிண்டலின் வெட்டு முகம் சிவப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த சேற்றுச் செங்கல் அடைப்பைத் தனித் துண்டாகச் செய்திருந்தார். விரலால் இழுத்தால் கையோடு வரும், வைத்தால் பொருந்தும். கொண்டுவந்து வைத்த பிறகு பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, பதினேழாம் நம்பர் வீட்டுத் தரையில் இரண்டு மெல்லிய கோடு கீறினார். பீரோ இழுத்த தடம். வரைபடத்தில் இல்லாத எதையும் மாடலில் சேர்க்கக் கூடாது என்று எல்லோரையும் படுத்தியவள் நான்தான். அவர் கீறி முடிக்கும்வரை பேசாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கேன்டீன் படத்தின் முன்னால் நின்று, தாங்கள் வழக்கமாக உட்காரும் மேஜையைத் தேடினார்கள். மாடலுக்குத்தான் கூட்டம். ஒவ்வொருவராக அந்தச் செங்கல் துண்டை இழுத்தார்கள், வைத்தார்கள், மறுபடியும் இழுத்தார்கள். பிறகு ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இது பதினேழுக்கு மட்டுமா, எல்லா வீட்டுக்கும் இப்பிடித்தானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லா வீட்டுக்கும்தான் என்றேன். முகம் மலர்ந்து போனார். சாயங்காலத்துக்குள் அதே கேள்வியை இன்னும் எட்டுப் பேர் வந்து, இன்னொருவர் காதில் விழாமல் கேட்டார்கள். ஆக, பதினேழாம் நம்பரைத் தவிர இன்னும் ஒன்பது பீரோ. ஊருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து ஆய்வு. கோவிந்தப்பன் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். தினேஷ்குமார் பதினேழாம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்து, முன் அறையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். அவர் உள் அறைக்குத் திரும்பியதும் கோவிந்தப்பனின் தோள் தானாக, ஓரமாகத் தள்ளி வைத்திருந்த பீரோவின் பக்கம் போனது. இருபத்துமூன்று வருஷப் பழக்கம். லேசாகத் திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருளாயியின் குரல் வந்தது. "விடுண்ணே. நகத்தாதே."

கோவிந்தப்பன் விலகி நின்றார். தினேஷ்குமார் ஒரு ஸ்டூலின்மேல் ஏறி, லிண்டலைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். கதவின் ஓரத்தைச் சுரண்டி, விரலில் வந்த மண்ணை நசுக்கிப் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார்.

"வரைபடத்துல மூணடி. நீங்க ரெண்டரைதான் தெறந்திருக்கீங்க" என்றார்.

"பழைய கதவுங்க சார். ஆக்கர் கடையில அந்த அளவுதான் கெடச்சுது" என்றார் கோவிந்தப்பன்.

தினேஷ்குமார் முதல் தடவையாகச் சிரித்தார். வரைபடத்தின்படி உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, பதினெட்டாம் நம்பரையும் பார்த்துவிடலாம் என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"அப்பிடி ஏன் சார் சுத்திட்டுப் போறீங்க?" என்று கோவிந்தப்பன் நடுக்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். "இப்பிடியே வாங்க."